தீர்ப்பு கிடைக்கிறது, விதி எங்கே?
தாலுகா கோர்ட்டில் வாதாடும் ஜூனியர் வக்கீலுக்கு முன்தீர்ப்பு ஒன்று வேண்டுமென்றால், முன்பெல்லாம் சீனியரின் அலமாரிதான் கதி. தனியார் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்ட அவர் வருமானம் இடம் கொடுக்காது. 2008-ல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ என்ற இலவசத் தீர்ப்புத் தேடல் இணையதளம் அந்த நிலையை மாற்றியது. உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை ‘இ-எஸ்சிஆர்’ என்று இலவசமாகத் திறந்துவிட 2023 ஆகிவிட்டது. இத்தனைக்கும், நீதிமன்றம் தடுக்காதவரை தீர்ப்பை யாரும் மறுபதிப்பு செய்யலாம் என்று 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. தீர்ப்பு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பதும் நம் வரிப்பணம்தானே!

ஆனால் பட்டா வழக்கில் அலைபவருக்கு டெல்லித் தீர்ப்பைவிட, தன் வழக்குக்குரிய விதியில் இன்று எந்தத் திருத்தம் அமலில் இருக்கிறது என்பதே முக்கியம். அங்கேதான் இடிக்கிறது. விதிகளைத் திருத்தும் அரசாணைகள் பலவும் ஸ்கேன் செய்த படங்களாகக் கிடக்கின்றன. சர்வே எண் சாய்ந்து, முத்திரை எழுத்தின் மேல் ஏறி நிற்கும். சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. புதுச் செயலிக்குத் திறப்பு விழா நடத்துவது இருக்கட்டும். விதிகளைத் திருத்தங்களோடு சேர்த்து, தேடக்கூடிய எழுத்தில், தமிழிலும் ஏற்றுங்கள்.