ஹெட்போன் ஆம்ப் வாங்குறீங்களா? வாட்ஸை விடுங்க, ஓம் கணக்கைப் பாருங்க!

மேசை மேல் வைக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வாங்கவோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கித் தானே செய்யவோ நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். இப்போது பலரிடம் இருப்பது 16 அல்லது 32 ஓம் ஹெட்போன். அதற்கு இந்தக் கேள்வி பெரிதாக உதவாது.

ஏன்? 300 ஓம் ஹெட்போனுக்கு 30 மில்லிவாட் கொடுக்க 3 வோல்ட் வேண்டும். கரன்ட் 10 மில்லி ஆம்பியர் போதும். 32 ஓமுக்கு அதே 30 மில்லிவாட் 1 வோல்ட்டிலேயே வந்துவிடும். ஆனால் கரன்ட் மூன்று மடங்கு! பழைய கிட்களில் வரும் டிஎல்072 ஐசிக்கு இங்கேதான் மூச்சு வாங்கும். 2011-ல் வெளியாகி உலகம் முழுக்கப் பலர் வீட்டிலேயே செய்து பார்த்த 'ஓ2' வடிவமைப்பு, இதற்காகவே அதிக கரன்ட் தரும் என்ஜேஎம்4556ஏ ஐசியை எடுத்துக்கொண்டது.

அடுத்தது, யாரும் கேட்காத எண்: அவுட்புட் இம்பீடன்ஸ். ஐஇசி 61938 என்ற சர்வதேச தரம் இதற்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. 32 ஓம் ஹெட்போனுக்கு அது சரிவராது. ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஒலிகளுக்கும் ஒரே மாதிரி இருக்காது. பேஸ் பகுதியில் 64 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 120 ஓம் ஆம்பில் அந்த இடத்தில் மட்டும் பேஸ் 4 டெசிபலுக்கு மேல் வீங்கும். 1 ஓம் ஆம்பில் வித்தியாசம் 0.13 டெசிபல்தான். "பேஸ் சும்மா அதிருது" என்று பாராட்டப்படும் சில ஆம்ப்கள் உண்மையில் செய்வது இந்தத் தப்பைத்தான்.

அவுட்புட்டில் கெபாசிட்டர் இருந்தால் கதை நேர் எதிர். 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 300 ஓமுக்குத் தாராளம். 16 ஓமிலோ 45 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கிவிடும்.

சரி, வாட்ஸ் உண்மையில் எவ்வளவு தேவை? 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்போனில் 30 மில்லிவாட் என்றாலே கிட்டத்தட்ட 115 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்; 95-ல் ஒன்றேகால் மணி நேரம்தான், அதுவும் வாரம் முழுக்க. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்காலை, ரோலிங் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவரின் காது, வீட்டுக்கு வருவதற்குள்ளேயே களைத்துப்போயிருக்கும். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அதற்குப் பிறகு லோக்கல் டிரெயின் இரைச்சலை அமுக்க வால்யூம் வேறு ஏறுகிறது. அவருக்கு 2 வாட்ஸ் ஆம்ப் எதற்கு?

இன்னொரு விஷயம் கெய்ன். டிஏசியிலிருந்து வழக்கமாக 2 வோல்ட் வருகிறது. அதை 10 மடங்காக்கும் கிட்டில் வால்யூம் குமிழைக் கொஞ்சம் தொட்டாலே அலறும். குமிழின் அந்த ஆரம்பப் பகுதியில்தான் மலிவான பாட்களில் இடது, வலது சத்தம் ஒத்துப்போகாது. 1 மடங்கு, அதிகபட்சம் 2 மடங்கு போதும். செட் ஏற்கெனவே கையில் இருந்தால், ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். செலவு சில ரூபாய்தான்.