மலை நின்றுகொண்டிருக்கிறதா?

'ஐ ஆம் ஹேவிங் அன் எஸ்.பி. அக்கவுண்ட் இன் யுவர் பிராஞ்ச்' என்று தொடங்கும் கடிதம் எங்கள் கவுண்டருக்கு வராத வாரம் இல்லை. பாஸ் புத்தகத்தைத் தொலைத்தவர், மகளின் கல்விக் கடனுக்கு அலைகிறவர், தறிக்கு வாங்கிய கடனில் தவணை தவறியவர், கறிக்கோழிப் பண்ணைக்காரர், எல்லோருக்கும் அதே முதல் வாக்கியம்தான். எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் படிக்கிற பிள்ளை. நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன். வேலைக்கு வந்த புதிதில் அந்த 'ஹேவிங்'கைச் சிவப்பு மையால் சுழித்துப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. அடி முதலில் எனக்கே விழுவதால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிரிப்புக்கு இலக்கிய அந்தஸ்தும் உண்டு. நிஸிம் எசக்கியலின் (1924-2004) 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்ற கவிதையைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அயல்நாடு போகும் ஒரு பெண்ணுக்கு வழியனுப்பு விழா. பேச்சாளர் வினைக்கு வினை 'இங்' ஒட்டி வாழ்த்துகிறார். எசக்கியலுக்கு அந்த மனிதர்மேல் ஓரளவு பிரியமும் இருந்திருக்கலாம்; அதை இங்கே விசாரிக்கவில்லை. எங்கள் வகுப்பில் பிரியத்துக்கு இடமே இருக்கவில்லை. முந்தின வருஷம்வரை அதே மாதிரி பேசிக்கொண்டிருந்த அறுபது பேர், பேச்சாளரைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இனி நாங்கள் அவர் ஜாதி இல்லை என்று அறிவிக்கிற சிரிப்பு அது.

சிரித்து முடித்ததும் ஒரு காரணம் சொல்வார்கள்: தாய்மொழிப் பாதிப்பு. இங்கிலீஷ் பேராசிரியர்களும், ஸ்போக்கன் இங்கிலீஷ் கடை வைத்திருப்பவர்களும், கோணலில்லாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது. தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறான், ஆகவே தப்பு வருகிறது என்பது அவர்கள் வாதம். சுத்த அபத்தம். அவன் தமிழில் யோசித்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது என்பது என் கட்சி.

ரென் - மார்ட்டின் இலக்கணம் ஒரு பட்டியல் தருகிறது: கன்டின்யுவஸில் சாதாரணமாக வரக்கூடாத வினைகள். நோ, லைக், வான்ட் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி உருப்போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறக்கிறார்கள். இப்போது இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தெரியும். பிடிக்கும். வேண்டும். அத்தனையும் 'உம்' ஈற்று வினைகள். வங்கிப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பையன், 'ஐ ஆம் நோயிங்' ஏன் தப்பு என்று கேட்டான். உனக்கு நீச்சல் தெரியுமா என்றேன். "தெரியுமுங்ணா" என்றான். தெரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்வாயா? "அப்படி யாருங்ணா பேசுவாங்க!" அவ்வளவுதான் பாடம். பட்டியல் அவன் வாயிலேயே இருக்கிறது. யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.

எல்லா வினையும் இப்படி வசமாகப் பொருந்தாது என்பதும் உண்மை. ஹேவ் என்பதற்கு நம்மிடம் தனி வினை இல்லை, 'எனக்கு அக்கவுண்ட் இருக்கிறது' என்போம். ஆனால் அங்கேயும் 'இருந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தறிக்காரரும் சொல்லமாட்டார். தவணை பாக்கி வேண்டுமானால் இருந்துகொண்டே இருக்கும், அக்கவுண்ட் இருக்கிறது.

தப்பு உற்பத்தியாகும் இடம் வகுப்பறை. கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகள் எழுதப்படுகின்றன: சிம்பிள் பிரஸண்ட் என்றால் 'போகிறேன்', பிரஸண்ட் கன்டின்யுவஸ் என்றால் 'போய்க்கொண்டிருக்கிறேன்'. பையன் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறான், எங்கேடா என்றால் 'ஸ்கூலுக்குப் போறேன்' என்கிறான். இங்கிலீஷில் அது 'ஆம் கோயிங்'. தினமும் எப்படிப் போவாய் என்றால் 'பஸ்ஸில் போவேன்' என்கிறான். அதுதான் இங்கிலீஷின் சிம்பிள் பிரஸண்ட். ஆனால் 'போவேன்' எதிர்காலம், ஆகவே 'வில் கோ' என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவனிடம் இருந்த இரண்டு நல்ல சாவிகளிலும் தப்பான பூட்டின் பெயரை எழுதி ஒட்டிவிட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று அவன் எல்லா வினைக்கும் ஓர் 'இங்' போட்டு வைக்கிறான். 'உம்' ஈறு வழக்கத்தைக் குறிக்கும் என்ற சங்கதி 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்குத் தெரிந்திருந்தது. நம் பாடநூல்காரர்களுக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பண்டிதர்களும் தப்பிக்க முடியாது. இன்னும் பழைய சமாச்சாரம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையுடைய பொருளை எப்படிச் சொல்வது என்று தொல்காப்பிய வினையியல் யோசித்திருக்கிறது. 'செய்யும்' என்கிற சொல்லால் சொல் என்கிறது. மலை நிற்கும், யாறு ஒழுகும் என்று உரைக்காரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். சங்கப் பாடல்களில் 'கின்று' மிக அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி நன்னூலில் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலை தருகிறார். (அவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையோடு நிறுத்திக்கொள்வார்கள்.) முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தாலேயே சொல்லலாம் என்பது அவர் விதி. ஆக, மலை நிற்கும் என்பது ஒருவர் கட்சி, மலை நிற்கிறது என்பது இன்னொருவர் கட்சி. நடுவே ஒரு மொழி தன் காலத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. இதை வகுப்பில் சூத்திரமாக ஒப்பித்தார்களே தவிர, பக்கத்து வகுப்பில் நடக்கும் இங்கிலீஷ் பாடத்துக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று எந்தத் தமிழய்யாவுக்கும் தோன்றவில்லை.

இங்கிலீஷ்காரனும் சாசுவத விதி எதையும் கையில் வைத்துக்கொண்டு பிறக்கவில்லை. புத்தகமும் கையுமாக வரும் ஹாம்லெட்டிடம் பொலோனியஸ் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பது சிம்பிள் பிரஸண்டில். இன்று நம் பையன் அப்படிக் கேட்டால் சிவப்பு மை பாயும். 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்ற பிரயோகத்தைக் கொச்சை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் சிலர் திட்டித் தீர்த்தார்கள். 'ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதுதான் அவர்களுக்கு லட்சணம். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் 'ஐ'ம் லவின் இட்' என்று உலகம் பூராவும் போர்டு மாட்டியது. பட்டியலில் உள்ள வினைதான். அவன் சொன்னால் விளம்பரம், பல்லடத்தான் சொன்னால் பாமரத்தனம்.

அப்படியானால் 'ஐ ஆம் ஹேவிங்' என்றே எழுதட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வித்தியாசம் நிஜமானது, அதைக் காசு எண்ணுகிறவன் அறிவான். ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் 'ஐ ப்ராமிஸ் டு பே' என்று கையெழுத்திட்டிருக்கிறார். (ஒரு ரூபாய் நோட்டில் இது கிடையாது, அது அரசாங்கத்தின் நோட்டு.) 'ஐ ஆம் ப்ராமிசிங்' என்று அவர் எழுதியிருந்தால் யார் அதை வாங்கிப் பெட்டியில் வைப்பார்கள்? வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பவன் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. அந்தச் சூட்சுமம் தமிழனுக்கும் தெரியும். 'வாக்குக் கொடுக்கிறேன்' என்று அவன் சொல்லும்போது 'கிறேன்' அந்தக் கணத்திலேயே காரியத்தை முடித்துவிடுகிறது.

இது இங்கிலீஷோடு நின்றிருந்தால் இந்தப் பத்திரிகையின் பக்கங்களைக் கேட்டிருக்கமாட்டேன். அந்தக் கரும்பலகைச் சமன்பாடு தமிழுக்குள் திரும்பி வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் 'இங்'கைக் கண்ட இடமெல்லாம் 'கொண்டிருக்கிறது' போடுகிறார். அதைப் படித்து வளர்ந்த கவிஞர், மொழிபெயர்ப்பு இல்லாமலே மொழிபெயர்ப்புத் தமிழில் எழுதுகிறார். எந்தச் சிறுபத்திரிகையையும் புரட்டுங்கள்: மழை பெய்துகொண்டிருக்கிறது, மௌனம் கனத்துக்கொண்டிருக்கிறது, இருள் கவிந்துகொண்டிருக்கிறது. மௌனம் கனக்கிறது என்றால் என்ன குறைந்துவிடும்? எங்கள் ஊர்க் கிழவி வாசலில் நின்று 'மழ பேயுது' என்கிறாள். இரண்டே சொல்லில் மழை இறங்கிவிடுகிறது. அவளே 'ஐப்பசியில பேயும்' என்றால் அது வேறு மழை, அறுபது எழுபது வருஷத்து மழை. 'பேஞ்சுட்டே இருக்குது' என்றால் மூன்றாவது: துணி காயவில்லை, சலிப்பு. மூன்று மழைகளைக் கையில் வைத்திருக்கிற மொழியில் நவீன கவிஞருக்கு ஒரே மழைதான் தெரிகிறது, அதுவும் நீளமான மழை. 'கொண்டிருக்கிறது' போட்டால் காட்சி கண் முன்னே நிகழ்வதாக அவருக்கு ஒரு பிரமை. காண்பதற்குச் செய்ய வேண்டிய வேலையை விகுதி செய்துவிடாது.

யாறு ஒழுகும் என்றார்களே, எங்கள் ஆறு நொய்யல். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் கலந்ததும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நொய்யல் ஓடும் என்று இன்று எழுத ஒருவனுக்குத் தைரியம் வேண்டும். ஓடும் என்றால் அது அதன் இயற்கை என்று சாட்சி சொல்வதாகும். ஓடியது என்றால் செத்துப்போயிற்று என்று ஒப்புக்கொள்வது. ஓடுகிறது என்றால் இப்போது கரையில் நிற்கிறேன் என்று பொருள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் நண்பர் தம் கவிதையை வாசிக்கக் கொடுத்தார். நொய்யலைப் பற்றியது. ஏழு இடத்தில் நொய்யல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். போகவில்லை என்றார்.