வெளிநாட்டு ரயிலில் ஜிபே வேலை செய்யுமா? சிங்கப்பூர் – மலேசியா பயணத்துக்கு ஒரு பணக் கணக்கு

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவருக்கும், பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வருபவருக்கும் ரயில் என்றால் மீஞ்சூர் அல்லது பொன்னேரி ஸ்டேஷன்தான். செல்போனில் டிக்கெட் எடுத்தாச்சு, யூபிஐயில் காசு போயாச்சு, அவ்வளவுதான். பர்ஸைத் தொடவே வேண்டாம்.

அதே பழக்கத்தோடு வெளிநாடு கிளம்பினால்தான் சிக்கல். முதல் வெளிநாட்டுப் பயணமாகப் பலரும் யோசிப்பது சிங்கப்பூரும் மலேசியாவும். இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதித்தது. அந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இரு நாடுகளையும் ரயில் இணைக்கிறது. ஆனால் ஒரே பயணத்தில் இரண்டு நாணயம், இரண்டு டிக்கெட் முறை. எங்கே காசு கசியும், எங்கே ரயில் கேட் திறக்காது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் ஆயிரக்கணக்கில் மிச்சம்.

யூபிஐ அங்கே செல்லுமா?

பாதி உண்மை. 2023 பிப்ரவரி 21-ல் இந்தியாவின் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. ஆனால் அது ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்புவதற்கான இணைப்பு. அங்கே இருக்கும் அண்ணனுக்கு ஊரிலிருந்து பணம் அனுப்பலாம், அவர் இங்கே அனுப்பலாம். கடை பில்லுக்கான ஏற்பாடு அல்ல.

சிங்கப்பூரில் சில கடைகள் யூபிஐ க்யூஆரை ஏற்கின்றன. அதற்கும் ஆப்பில் ‘யூபிஐ இன்டர்நேஷனல்’ வசதியை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும். எம்ஆர்டி ரயில் கேட்டிலோ ஸ்கேன் செய்ய க்யூஆரே கிடையாது. கார்டைத் தட்டினால்தான் கதவு திறக்கும்.

அப்போ கார்டு போதுமா?

போதும், ஆனால் ஊரிலேயே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2020-ம் ஆண்டு விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் ‘கான்டாக்ட்லெஸ்’ வசதி இரண்டையும் வாடிக்கையாளரே வங்கி ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் போனால் கணக்கில் பணம் இருந்தும் கேட் திறக்காது.

சிங்கப்பூர் ரயில், பேருந்துகளில் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளை நேரடியாகத் தட்டலாம். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே கார்டை மூன்று முறை தட்ட முடியாது. அவர்களிடம் ரூபே கார்டு மட்டும் இருந்தால், அங்கே கிடைக்கும் ஈசி-லிங்க் போன்ற பயண அட்டையை வாங்கிக்கொடுப்பது நல்லது.

2. ஏறும்போது தட்டியதையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். போனில் ஏற்றிய கார்டும் பர்ஸில் உள்ள கார்டும் ஒரே கணக்கு என்றாலும் மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு. மாற்றித் தட்டினால் முடிவடையாத இரண்டு பயணங்களாகப் பதிவாகி, கூடுதல் கட்டணம் விழும்.

3. வெளிநாட்டு வங்கிக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 0.60 சிங்கப்பூர் டாலர் நிர்வாகக் கட்டணம் உண்டு. மூன்று பேர் ஐந்து நாள் சுற்றினால் 9 டாலர். ரொம்ப நாள் தங்குபவர்களுக்குப் பயண அட்டையே லாபம்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம்

பல இந்திய கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை ‘ஃபாரெக்ஸ் மார்க்அப்’ பிடிக்கிறார்கள். அந்தக் கட்டணத்தின் மீது 18% ஜிஎஸ்டி. ரூ.60,000 செலவு செய்தால் மார்க்அப் ரூ.2,100, ஜிஎஸ்டி ரூ.378. மொத்தம் ரூ.2,478 சத்தமில்லாமல் போய்விடும். மார்க்அப் குறைவான அல்லது இல்லாத கார்டுகளும் சந்தையில் உள்ளன.

அடுத்த பொறி கடை மெஷினில். “ரூபாயில் செலுத்தவா, உள்ளூர் நாணயத்திலா?” என்று திரை கேட்கும். ரூபாய் என்றதும் நமக்குப் பழகிய கணக்கு என்று தோன்றும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது கடைக்காரர் தரப்பு. விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எப்போதும் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது கடைசி வழி. தனிக் கட்டணத்தோடு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓட ஆரம்பிக்கும்.

ஃபாரெக்ஸ் கார்டு வாங்குபவர்கள் எந்த நாணயத்தை ஏற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் டாலர் மட்டும் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணம் தனியாக விழும். இரு நாடு போவதாக இருந்தால் ரிங்கிட்டையும் ஏற்றும் வசதி உள்ள கார்டே பொருத்தம்.

ஒரே ரயில், இரண்டு விலை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் இடையே மலேசிய ரயில்வேயான கேடிஎம், 2015 முதல் ‘ஷட்டில் தெப்ராவ்’ ரயிலை ஓட்டுகிறது. பயணம் ஐந்தே நிமிடம். ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் வர 5 ரிங்கிட். உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் போக 5 சிங்கப்பூர் டாலர். எண் ஒன்றுதான், ஆனால் ஒரு சிங்கப்பூர் டாலர் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அதே தண்டவாளம், அதே தூரம், ஒரு திசையில் மட்டும் மூன்று மடங்கு செலவு.

விலையைவிடப் பெரிய கவலை இடம் கிடைப்பது. வெள்ளி மாலையிலும் வார இறுதியிலும் சீட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேடிஎம் இணையதளத்திலோ ஆப்பிலோ முன்பதிவு செய்ய பாஸ்போர்ட் எண் வேண்டும். ஜொகூரிலிருந்து கோலாலம்பூருக்கு 2025 டிசம்பர் முதல் இடிஎஸ் மின்சார ரயில் நேரடியாக ஓடுகிறது. அதற்கும் முன்பதிவு செய்துவிடுவதே நல்லது. எல்லையைக் கடக்க ஆர்டிஎஸ் லிங்க் என்ற புதிய ரயில் தடமும் தயாராகிறது. 2026 இறுதிக்குள் அதைத் தொடங்குவது இலக்கு.

இன்னொன்று: சிங்கப்பூரில் இறங்கி, மலேசியா போய், மீண்டும் சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்புபவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் ஐந்து வேலை

• வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ் வசதியையும் ஆன் செய்து, தினசரி உச்சவரம்பையும் வைத்துவிடவும். ஊர் திரும்பியதும் ஆஃப் செய்யவும்.

• வங்கி எண் உள்ள இந்திய சிம்முக்கு ரோமிங் இருக்கட்டும். அதைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டால் ஓடிபி வராது. ரயில் டிக்கெட் முன்பதிவும் பாதியில் நிற்கும்.

• இரண்டு நாணயத்திலும் ஒரு நாள் செலவுக்குக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளவும். ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டு எடுத்துச்செல்ல அனுமதி உண்டு. இந்திய ரூபாய் நோட்டு ரூ.25,000 வரை.

• இரு நாட்டு வருகை அட்டைகளையும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே பதியலாம். பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

• திரும்பும் முன் ரிங்கிட் சில்லறையைச் செலவழித்துவிடவும். நாணயங்களைப் பெரும்பாலான மாற்றுக் கடைகள் வாங்குவதில்லை.

இதில் எதற்குமே பெரிய செலவில்லை. கார்டு அமைப்பை மாற்ற ஐந்து நிமிடம், டிக்கெட் போட இன்னொரு பத்து நிமிடம். மீஞ்சூர் ரயிலில் சென்னை போகும் நேரத்துக்குள்ளேயே முடித்துவிடலாம்.