யாருடைய படம் சுவரில் ஏறுகிறது?

ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஆங்கிலப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் ஒரு நீண்ட கல் கட்டடம் நிற்கிறது. முகப்பு முழுக்க வரிசையாகத் தூண்கள். 1933இல் ஹிட்லர் அடிக்கல் நாட்டி, 1937 ஜூலை 18 அன்று திறந்துவைத்த கலை மாளிகை அது. ஜெர்மானியக் கலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே கட்டியது. மறுநாளே, நடந்து போகிற தூரத்தில் இன்னொரு கண்காட்சியைத் திறந்தார்கள். 'சீரழிந்த கலை' என்று அதற்குப் பெயர். நாட்டின் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து வந்த சுமார் 650 படைப்புகளை, மக்கள் பார்த்துக் காறித் துப்பட்டும் என்று தாறுமாறாக மாட்டிவைத்தார்கள். நவீன ஓவியர்களின் மேல் நாஜிகள் சுமத்திய குற்றங்களில் ஒன்று, ஆப்பிரிக்கச் சிற்பங்களின் சாயல் அவர்கள் படைப்பில் தெரிகிறது என்பது.

அந்த மாளிகையின் இன்றைய பெயர் ஹவுஸ் டெர் குன்ஸ்ட். 2011இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் நைஜீரியாவில் பிறந்த ஓக்வி என்வேசர். தற்காலக் கலை உலகில் அவரளவுக்கு வரைபடத்தை மாற்றி எழுதிய க்யூரேட்டர் (கண்காட்சிகளைத் தேர்ந்து அமைப்பவர்) வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. 2019 மார்ச் 15 அன்று மியூனிக்கிலேயே புற்றுநோயால் இறந்தார். வயது 55தான்.

அருங்காட்சியக இயக்குநர் என்றால் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிற அதிகாரி என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். என்வேசரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். யாருடைய படம் சுவரில் ஏறுகிறது, யாருடையது ஏறவில்லை, ஏன் என்று படித்து, யோசித்து, முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பதில் சொல்வதுதான் இயக்குநரின் முதல் வேலை. அந்த வேலை தெரிந்தவரைத் தலைமையில் அமர்த்துவதும், சோதனை வரும்போது அவர் பக்கம் நிற்பதும் நிறுவனத்தின் கடமை.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். உலகக் கலை வரலாறு என்று எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்த புத்தகங்கள் ஃப்ளாரன்ஸில் தொடங்கி, பாரிஸ் வழியாக நியூயார்க்கில் முடிந்துவிடும். ஆப்பிரிக்கா என்றால் முதல் அத்தியாயத்தில் ஒரு முகமூடி. அதைச் செய்தவர் பெயர் இருக்காது. எந்த ஆண்டு என்பதும் இருக்காது. அந்தப் புத்தகங்களை வைத்துப் பாடம் நடத்தியவன் என்பதால்தான் என்வேசர் செய்த காரியத்தின் கனம் எனக்குப் புரிகிறது.

1963இல் கலபாரில், இக்போ குடும்பத்தில் பிறந்தவர் அவர். நைஜீரிய உள்நாட்டுப் போரான பயாஃப்ரா போர்க் காலத்தில் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. 1982இல் படிப்பதற்காக நியூயார்க் வந்தார். படித்தது அரசியல் அறிவியல். எழுதியது கவிதை. மாலை வேளைகளில் மேடையேறிக் கவிதை வாசித்துக்கொண்டிருந்த இளைஞர், நகரத்தின் கலைக்கூடங்களைச் சுற்றிவந்தபோது ஒன்றைக் கவனித்தார்: உயிரோடு இருக்கிற ஆப்பிரிக்கக் கலைஞர் எவருக்கும் அங்கே இடமில்லை. அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்காமல் 1994இல் 'என்கா' என்ற இதழைத் தொடங்கினார். தற்கால ஆப்பிரிக்கக் கலைக்கென்றே ஒரு இதழ். கலை வரலாற்றில் பட்டம் வாங்காதவர் எழுத்தின் வழியாகத்தான் கலை உலகத்துக்குள் வந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1996இல், நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்களின் கண்காட்சியைச் சக க்யூரேட்டர்களுடன் சேர்ந்து அமைத்தார். அதில் இடம்பெற்றவர்களில் ஒருவர் மாலி நாட்டின் செய்டு கெய்டா. பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ திறந்தவர். தன் படுக்கை விரிப்பையே பின்னணித் திரையாகக் கட்டி, முற்றத்தில் இயற்கை வெளிச்சத்தில் படம் எடுத்தார். வருகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள ரேடியோ, கட்டிக்கொள்ளக் கடிகாரம், சாய்ந்து நிற்க ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டுடியோவிலேயே இருந்தன. நம் ஊர் ஸ்டுடியோவில் புதுமணத் தம்பதிகள் பூ ஜாடிக்குப் பக்கத்தில் விறைத்து நிற்பார்களே, அதே ஆசைதான் அந்த முகங்களிலும். பூப்போட்ட உடையும் பூப்போட்ட திரையும் ஒன்றோடொன்று கலந்துவிட, முகமும் கையும் மட்டும் அந்தப் பூக்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வரும். மாபெரும் கலைஞர் அவர்.

1991இல் நியூயார்க்கின் வேறொரு கண்காட்சியில் இதே கெய்டாவின் படங்களை மாட்டியபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்று குறிப்பு எழுதினார்கள். பமாகோவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். என்வேசரின் பங்கு அதற்கு அடுத்த கட்டம். கெய்டாவைத் தனியொரு அதிசயமாகக் காட்டாமல், அவரையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஆப்பிரிக்கக் கண்டத்துக்கென்று ஒரு புகைப்பட வரலாறு இருக்கிறது என்று நிறுவினார். பெயரை மீட்பது பெரிய காரியம். அந்தப் பெயரை வரலாற்றில் அதற்குரிய இடத்தில் பொருத்துவது அதைவிடப் பெரிய காரியம். அதற்குப் படிப்பு வேண்டும்.

அடுத்து 1997இல் ஜோகன்னஸ்பர்க் பினாலே என்ற ஈராண்டுக் கலைவிழா. நிறவெறி ஆட்சி ஒழிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. வணிகப் பாதைகளைக் கருவாக வைத்து ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் பெரிய கண்காட்சியை நடத்தினார். மாநகரத்திடம் பணம் இல்லாமல் போய், குறித்த நாளுக்கு முன்பே அதை மூடினார்கள். உள்ளூர் மக்களை அது எட்டவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் கலை உலகம் அவரைக் கவனித்துவிட்டது. அடுத்த ஆண்டே டாக்குமென்டாவின் 11ஆவது பதிப்புக்கு அவரை இயக்குநராக நியமித்தார்கள்.

டாக்குமென்டா 1955 முதல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்துவருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, 100 நாட்கள். தற்காலக் கலையின் திசையைத் தீர்மானிக்கும் இடம் என்று பெயர் வாங்கியது. அதுவரை நடந்த 10 பதிப்புகளுக்கும் ஐரோப்பியர்களே தலைமை தாங்கினார்கள். 11ஆவதற்குத் தலைமை ஏற்ற என்வேசர், கண்காட்சியை 2002 ஜூனில் காசெலில் திறப்பதற்கு ஓராண்டுக்கும் முன்பே வேலையைத் தொடங்கினார், அதுவும் வெவ்வேறு கண்டங்களில். வியன்னாவிலும் பெர்லினிலும் ஜனநாயகம் பற்றி விவாதம். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் கலப்புப் பண்பாடு பற்றி. லாகோஸில் நான்கு ஆப்பிரிக்க நகரங்களின் நெருக்கடி பற்றி. 2001 மே மாதம் புது டெல்லியில் கூடிய அரங்கு, வன்முறைக்குப் பிறகு ஒரு சமூகம் உண்மையையும் நீதியையும் எப்படித் தேடுகிறது என்று பேசியது. இந்த நான்கும் ஒவ்வொரு மேடை, காசெல் கண்காட்சி ஐந்தாவது மேடை, அவ்வளவுதான் என்றார்.

காசெலில் நம் நாட்டுக் கலைஞர்களும் இருந்தார்கள். தெற்கு குஜராத்தின் கூலித் தொழிலாளர்களை ரவி அகர்வால் எடுத்த புகைப்படங்கள், வாகா எல்லையில் தொடங்கும் அமர் கன்வரின் ஆவணப்படம், டெல்லியின் அன்றாட வாழ்வைப் பற்றி ரக்ஸ் மீடியா கலெக்டிவ் அமைத்த படைப்பு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்துக்கு இறங்கும் ஸ்டீவ் மெக்வீனின் படமும் அங்கே ஓடியது. இதில் ஆவணம் அதிகம், அழகு குறைவு என்று சிலர் குறைபட்டார்கள். எனக்கு அந்தக் குறை ஏற்புடையதல்ல. பூமிக்கு அடியில் இருட்டுக்குள் இறங்கும் தொழிலாளியோடு பார்வையாளரையும் சேர்த்து இறக்குகிற கலைக்கு என்ன அழகு குறைந்துவிட்டது?

க்யூரேட்டர்களுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு, கலைஞரை அவர்கள் மறைத்துவிடுகிறார்களே என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. வெறும் விளம்பரத்துக்காகக் கண்காட்சி நடத்துகிறவர்கள் விஷயத்தில் அது சரியான கேள்விதான். ஆனால், சுவர் தானாகப் படத்தை மாட்டிக்கொள்வதில்லை. தேர்வு என்பது எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. செய்தவர் பெயர் வெளியே தெரியாதபோது அதை இயல்பான வரிசை என்று நாம் நம்பிவிடுகிறோம். என் பள்ளி நூலகத்துப் புத்தகங்களும் யாரோ தேர்ந்தெடுத்த வரிசைதான். என்வேசர் தன் தேர்வைப் பெயர்போட்டுச் செய்தார், காரணத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார், எதிர்ப்புக்கு முகம் கொடுத்தார். பொறுப்பு என்பது அதுதான்.

மியூனிக்கில் அவர் முதலில் செய்தது கட்டடத்தின் வரலாற்றையே காட்சிக்கு வைத்தது. 2012இல் மாளிகைக்கு 75 ஆண்டு நிறைந்தபோது, அங்கே கலை எப்படி அரசியல் கருவியாக்கப்பட்டது என்று ஒரு முழுக் கண்காட்சி. 2014இல் அந்த ஆவணங்களுக்கென்று நிரந்தரமாக ஓர் அறை. நிறவெறி ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லும் தென்னாப்பிரிக்கப் புகைப்படங்களை, இன வெறியர்கள் கட்டிய அதே சுவர்களில் 2013இல் மாட்டினார்.

2016 அக்டோபரில் திறந்த 'போருக்குப் பின்' கண்காட்சிதான் மியூனிக் ஆண்டுகளின் சிகரம். 65 நாடுகளைச் சேர்ந்த 218 கலைஞர்கள், சுமார் 350 படைப்புகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலையின் தலைநகர் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு மாறியது என்று பாடப்புத்தகம் சொல்லும். 1945 முதல் 1965 வரையிலான அதே 20 ஆண்டுகளை என்வேசரும் சக க்யூரேட்டர்களும் வேறு விதமாகச் சொன்னார்கள். மாருகி தம்பதியர் வரைந்த ஹிரோஷிமா ஓவியங்கள், விடுதலை பெற்ற புதிய நாடுகள் தமக்கென்று ஒரு வடிவம் தேடிய படைப்புகள், அமெரிக்க ஓவியர்களின் பெரிய திரைச்சீலைகள் எல்லாம் அடுத்தடுத்து. யாரையும் வெளியே தள்ளவில்லை. வரிசையை மட்டும் அகலமாக்கினார். நியூயார்க் ஓவியர் அதில் சிறுத்துப் போகவில்லை, உலகத்தில் பலரோடு ஒருவராக நின்றார்.

இதற்கிடையே 2015இல் வெனிஸ் பினாலே. 1895இல் தொடங்கிய அந்த விழாவின் முதல் ஆப்பிரிக்க இயக்குநர் அவர். டாக்குமென்டா, வெனிஸ் இரண்டையும் இயக்கியவர்கள் அவருக்கு முன் ஒருவரே, சுவிட்சர்லாந்தின் ஹரால்ட் ஸீமன். வெனிஸின் மைய அரங்கில் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலை மாதக்கணக்கில் உரக்க வாசிக்க வைத்தார் என்வேசர். வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அந்த ஆண்டு கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த சிற்பி எல் அனட்சுயிக்குப் போனது.

அதே அனட்சுயியின் பெரும் கண்காட்சிதான் மியூனிக்கில் என்வேசரின் கடைசிப் பணி. கலை வரலாற்றாசிரியர் சிகா ஒகேகே-அகுலுவுடன் சேர்ந்து உருவாக்கியது. 2019 மார்ச் 8 அன்று திறந்தது. ஒரு வாரத்தில் என்வேசர் இறந்தார். அந்தக் கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். ஹிட்லரின் மாளிகை முகப்பு சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு உலோக அலையாக மாறியிருந்தது. கிட்டே போனதும் என்ன உலோகம் என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. ஆஃப்செட் பிளேட். என் அப்பா அச்சகம் வைத்திருந்தவர். ஒரு வேலை முடிந்ததும் அந்த அலுமினியத் தகட்டில் மை மங்கிக் கிடக்கும், மறுமுறை உதவாது. கட்டுக் கட்டாக அடுக்கி எடைக்குப் போடுவோம். அச்சடித்துத் தள்ளிய அப்படிப்பட்ட தகடுகளைத்தான் ஆயிரக்கணக்கில் இணைத்து, ஆணவத்துக்காக நிறுத்திய தூண்வரிசையின் மேல் போர்த்தியிருந்தார் ஓர் ஆப்பிரிக்கச் சிற்பி.

கண்காட்சி திறந்தபோது என்வேசர் அங்கே இயக்குநராக இல்லை என்பதுதான் வேதனை. மாளிகையின் நிதி நெருக்கடியும் நிர்வாகக் குளறுபடிகளும் பத்திரிகைகளில் அடிபட்டன. உடல்நலமும் கெட்டது. ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே, 2018 ஜூனில் விலகினார். அவர் திட்டமிட்டிருந்த ஜோன் ஜோனஸ், ஏட்ரியன் பைப்பர் ஆகிய இரு கலைஞர்களின் கண்காட்சிகளைப் பணமில்லை என்று நிர்வாகம் கைவிட்டது. கணக்கு வழக்கில் இயக்குநருக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைச் சரிசெய்யக் கணக்கர்கள் கிடைப்பார்கள். சிந்தனையாளரை இழந்தால் அந்த இடத்தில் வைக்க ஆள் எங்கே கிடைப்பார்? ஜோன் ஜோனஸின் கண்காட்சி 2022இல், புதிய இயக்குநர் காலத்தில், அதே மாளிகையில் நடந்தது. நல்ல முடிவைத் தள்ளிப்போடத்தான் நிர்வாகத்தால் முடிந்தது.

என்வேசர் யோசித்து வைத்த கண்காட்சிகள் அவருக்குப் பின்னும் நடந்தன. கறுப்பின அமெரிக்கர்களின் துயரைப் பேசும் கண்காட்சி 2021இல் நியூயார்க்கில், ஷார்ஜா பினாலே 2023இல். நண்பர்களும் சக க்யூரேட்டர்களும் முடித்துக் கொடுத்தார்கள்.

ஓர் இயக்குநரின் காலத்தை டிக்கெட் விற்பனையை வைத்து எடை போடக் கூடாது. அவருக்கு முன்னால் விடுபட்டிருந்தவர்களில் எத்தனை பேரை அவருக்குப் பின்னால் விட்டுவிட முடியாமல் போனது என்று பார்க்க வேண்டும். கெய்டாவை விட்டுவிட்டு இனி யாரும் புகைப்பட வரலாறு எழுத முடியாது. அனட்சுயியை விட்டுவிட்டு இக்காலச் சிற்பம் பற்றிப் பேச முடியாது. அருங்காட்சியகத்துக்குத் தலைவரைத் தேடுகிறவர்கள் வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் சுவரில் இல்லாதவர்கள் யார் யார்? அதற்குப் பெயர்களோடும் காரணங்களோடும் பதில் சொல்கிறவரை நியமியுங்கள். நியமித்த பிறகு, பணம் குறைகிற ஆண்டிலும் அவரோடு நில்லுங்கள்.