நாங்களும் மார்கழிக் கச்சேரிக்குப் போனோம்



சென்ற மாதம் சிறுசேமிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி சந்தையில் என்னை மறித்துக் கேட்டார்: "பிள்ளையின்ரை படிப்பு, வீட்டுக் கூரை, வருத்தம் வந்தால் மருந்து. இதுக்குத்தானே அக்கா காசு. எங்களுக்கெண்டு என்னத்துக்குச் சேர்க்கிறது?" அந்தக் கேள்விக்குப் பதிலாக இந்த மாதம் எங்கள் கதையையே எழுதுகிறேன்.

2024 மார்கழியில் கொழும்புத்துறையிலிருந்து நாங்கள் நான்கு பெண்கள் சென்னைக்குப் போய், ஆறு நாட்கள் பாட்டுக் கேட்டுவிட்டு வந்தோம். நான் தையல்காரி. மற்றவர்கள் மீன் விற்கும் அக்கா, அப்பம் சுட்டு விற்கும் தங்கச்சி, ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர். எங்களில் மூவர் கணவனை இழந்தவர்கள். ரீச்சரின் ஒரே மகனை 2009 வைகாசிக்குப் பிறகு காணவில்லை.

சென்னைக் கச்சேரிகள் எங்களுக்குப் புதியவையல்ல. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். ரீச்சர் வீட்டு முற்றத்தில் அப்படித்தான் திருச்சி வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாடகியும் களைத்துவிடுவார். மயிலாப்பூர், மியூசிக் அகாடமி என்ற பெயர்களெல்லாம் அந்த இரைச்சலுக்குள் வந்தவைதான். 1995 ஐப்பசி 30இல் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அந்த வானொலியும் எங்கோ போய்விட்டது.

2021 தையில் ஆளுக்கு மாதம் 2,500 ரூபா என்று சேர்க்கத் தொடங்கினோம். 2022 நெருக்கடியில் ஆறு மாதம் நிறுத்தினோம். பிறகு மீண்டும் தொடங்கினோம். கடவுச்சீட்டு எடுக்க வவுனியாவுக்கு அலைந்தோம். மார்கழியில் கடல் கொந்தளிக்குமென்று காங்கேசன்துறைக் கப்பலை நம்பாமல், பலாலியிலிருந்து விமானத்தில் போனோம். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணந்தான்.

அதற்கிடையில் ஊர் கதைத்தது. "புருசன் இல்லாதவையளுக்கு என்ன உல்லாசப் பயணம்?" என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லித் தப்பலாம் என்றாள் தங்கச்சி. மீன் விற்கும் அக்கா விடவில்லை. "பாட்டுக் கேட்கப் போறம் எண்டே சொல்லுவம். களவெடுக்கவோ போறம்?" என்றார்.

மயிலாப்பூரில் ஓர் அறை எடுத்து நால்வரும் தங்கினோம். கபாலீசுவரர் கோயில் நடந்து போகும் தூரம். மார்கழியில் அந்த நகரம் முழுவதும் சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரி நடக்கிறது. பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. இளம் பிள்ளைகள் பாடுவார்கள், நன்றாகவே பாடுவார்கள். மாலையில் பெரிய வித்துவான்கள் பாடுவதற்குத்தான் ரிக்கற். நாங்கள் மதியம் இலவசமாகக் கேட்டு, சபா கன்ரீனில் இட்லியும் கோப்பியும் எடுத்து, இரண்டு மாலைகளுக்கு மட்டும் ரிக்கற் வாங்கினோம். சென்னையை 2017இல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது.

இந்த இசைவிழாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1927 மார்கழியில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. ஆனால் அந்த அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968இல்தான். பெற்றவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1970இல் டி. கே. பட்டம்மாள் பெற்றார். குடும்பப் பெண் மேடையேறிப் பாடுவதா என்று ஊர் கேட்ட காலத்தில் பாடத் தொடங்கியவர் பட்டம்மாள். இதை ரீச்சர் சொன்னபோது, "அப்ப அங்கையும் சனம் கதைச்சிருக்குது" என்று மீன் விற்கும் அக்கா சிரித்தார்.

நான்காம் நாள் பாரிமுனைப் பக்கம் உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனோம். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டுமென்று 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் மண்டபம் அது. அன்று தேவாரப் பண்கள் பாடினார்கள். பாதியில் ரீச்சர் எழுந்து வெளியே போனார். நானும் அக்காவும் பின்னால் போனோம். படியில் நின்றுகொண்டு கைப்பையைத் திறந்து மகனின் படத்தைப் பார்த்தார். தெருவோரப் போராட்டங்களுக்கு எடுத்துச் செல்லும் அதே படம்.

"அவன் சின்னனிலை பாடின பதிகமடி. இஞ்சை வந்து இருந்து இரசிச்சுக் கேட்கிறன். சந்தோசப்பட்டால் அவனைக் கைவிட்ட மாதிரிக் கிடக்குது" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் ஆறுதல் எழுதுகிற எனக்கு, அந்தப் படியில் ஒரு சொல் வரவில்லை. மீன் விற்கும் அக்காதான் சொன்னார்:

"ரீச்சர், அவன் நாளைக்கே வந்து நிண்டு, அம்மா ஒருக்காப் பாடுங்கோ எண்டால் என்ன செய்வியள்? பதினைஞ்சு வருசமாக் குரலைப் பூட்டி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுவியளோ?"

ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, படத்தைப் பைக்குள் வைத்து, திரும்பவும் உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். சற்று நேரத்தில் அவருடைய வலது கை மடியில் தாளம் போட்டது.

மறுநாள் விடியற்காலை கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் பசனைக் குழுக்கள் பாடிக்கொண்டு போயின. பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் முன்னின்று நடத்திய வழக்கம் அது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு நாங்களும் பின்னால் நடந்தோம். ரீச்சரின் வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியாது.

சகோதரிகளே, ஆறு நாள் பாட்டுக் கேட்டதால் எங்கள் இழப்பு எதுவும் குறையவில்லை. ரீச்சரின் மகன் எங்கே என்ற கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. அதைக் கேட்பதை அவர் நிறுத்தவுமில்லை. ஆனால் துக்கத்துக்குச் சாட்சியாக எங்கள் சந்தோசத்தை அடகு வைக்க வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்க முடியாது. நாங்களும் எங்களைக் கேட்கக் கூடாது.

எல்லோரும் சென்னைக்குப் போக வேண்டும் என்பதல்ல. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மாலையில் நடக்கும் ஒரு கச்சேரிக்கு நாலு பேர் சேர்ந்து போங்கள். ஒரு சிறு தகரப் பேணியில் உங்களுக்கென்று மாதம் நூறு ரூபா போடுங்கள். தனியே போகப் பயமென்றால் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போங்கள். படியில் நின்று அழ நேர்ந்தால் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும்.

போன கிழமை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். பரணில் கிடந்த சுருதிப் பெட்டியை இறக்கித் துடைத்து மேசையில் வைத்திருந்தார். பாடினீர்களா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.