கால்பந்து வீரருக்கும் வெளியேற வழி வேண்டும்

கோவா அணியில் ஆடிவந்த ஹியூகோ பூமூஸை 2020-ல் மும்பை சிட்டி அணி அழைத்துக்கொண்டது, அவரது ஒப்பந்தத்தில் கண்டிருந்த விடுவிப்புத் தொகையைச் செலுத்தித்தான். 2021 மார்ச்சில் மும்பை முதல்முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அன்வர் அலி விவகாரம் வேறு விதமாகப் போனது. மோகன் பகானுடனான நீண்டகால ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு அவர் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் தகுதிநிலைக் குழு 2024 செப்டம்பரில் அவருக்கு 4 மாதத் தடை விதித்தது. அவரும் ஈஸ்ட் பெங்கால், தில்லி அணிகளும் சேர்ந்து ரூ. 12.90 கோடி இழப்பீடு தரவேண்டும் என்றது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தை எட்டிய சில நாள்களில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. விலகலின் விலை முன்கூட்டியே எழுதப்படாதபோது, அதைக் குழு பின்னர் கணக்கிடுகிறது. இடையில் வீரரின் ஆட்டக்காலம் கரைகிறது.

விடுவிப்பு ஷரத்தின் நோக்கம் இந்த நிச்சயமின்மையைப் போக்குவதே. ஸ்பெயினில் 1985-ம் ஆண்டின் அரசாணைப்படி, வீரர் இடையில் விலகினால் இழப்பீடு தரவேண்டும். தொகை ஒப்பந்தத்தில் இல்லையெனில் தொழிலாளர் நீதிமன்றம் நிர்ணயிக்கும். ஆகவே அங்குள்ள அணிகள் தொகையைத் தாங்களே எழுதிவிடுகின்றன. 2017-ல் 22.2 கோடி யூரோ கட்டப்பட்டதும் நெய்மரைத் தடுத்து நிறுத்த பார்சிலோனாவால் இயலவில்லை. ஆனால் அதே பார்சிலோனா மெஸ்ஸிக்கு எழுதிய தொகை 70 கோடி யூரோ. அதைக் கதவு என்பதா, சுவர் என்பதா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலைக்கான 'பாண்ட்' புதிதல்ல. வங்கி ஊழியர் ஒருவர் 3 ஆண்டுப் பணிக்காலம் முடியும் முன் விலகியதற்காக ரூ. 2 லட்சம் கட்ட நேர்ந்ததை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சரியென்று ஏற்றது. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது என்பதும், பணிக்காலத்துக்குள் விலகுவதற்கு நியாயமான ஈடு கேட்பது அதில் அடங்காது என்பதும் இதன் சாரம். கால்பந்தில் ஒரு வேறுபாடு உண்டு: பணத்தைப் பெரும்பாலும் புதிய அணியே தருகிறது. எனவே அணிகளுக்குத் துணிவு வருகிறது, தொகையும் வீங்குகிறது. அதை ஊதியத்தோடு பொருத்தி வரம்பிடுவதே முறை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களின் தேர்தல், நிர்வாகம், தீர்ப்பாயம் ஆகியவற்றையே பெரிதும் பேசுகிறது. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அடுத்தடுத்த நாள்களில் மசோதா நிறைவேறிய வேகத்தில் வீரரின் ஒப்பந்தம் பற்றி ஆழ்ந்து பேச எங்கே நேரம்?

பொறுப்பு சம்மேளனத்துடையது. இளம் வீரருடன் செய்யப்படும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் விடுவிப்புத் தொகையைக் கட்டாயமாக்கலாம். பதினெட்டு வயதில் கையெழுத்திடும் தாராவிச் சிறுவனுக்கு அந்தத் தொகையை அவன் தாய்மொழியில் ஒருமுறை வாசித்துக் காட்டவும் வேண்டும்.