படுக்க ஓர் இடம், படிக்க ஒரு விளக்கு: செவ்வாப்பேட்டைப் பிரகடனம்

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்தைச் சுற்றி வாழும் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இன்னும் பெயர் வைக்கவில்லை. கூட்டம் போட்டுப் பெயருக்காகச் சண்டை போட்டதுதான் மிச்சம். பெயரை மாணவர்களே பிறகு வைக்கட்டும். கொள்கையில் மட்டும் சண்டை இல்லை. மாணவர் இரவில் தங்கும் இடமும் கல்லூரியின் ஒரு பகுதி. வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் கணக்குக் கேட்பதுபோல அதற்கும் கணக்குக் கேட்போம்.

அரியர் வைத்தவனைப் பார்த்து, "படிக்காம ஊர் சுத்துறான்" என்று சொல்லிவிடுவது எளிது. எங்கே உட்கார்ந்து படித்தான் என்று கேட்பவர் இல்லை. வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் அறை ஒன்றை எட்டிப் பாருங்கள். சிமென்ட் ஷீட் கூரை. நான்கு பாய். இரண்டு பேர் கல்லூரி, இரண்டு பேர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஒரே பிளக் பாயின்ட். அதில் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு செல்போன்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க ஜன்னலைச் சாத்துகிறார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகிறவர் விடியற்காலையில் எழ வேண்டும் என்பதால் ராத்திரி ஒன்பதரைக்கே லைட்டை அணைக்கச் சொல்கிறார். இருவர் சொல்வதும் நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொள்வது மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடம். வாசற்படியில், கொசுக்கடியில், செல்போன் வெளிச்சத்தில் எத்தனை நாள் படிப்பது? காலையில் குளிக்க வரிசை, முதல் பீரியட் போச்சு, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது, இன்டர்னல் மார்க் குறைகிறது. இப்படித்தான் ஓர் அரியர் உருவாகிறது.

அறைக்குக்கூட வழியில்லாதவர்கள் ரயிலில் போய் வருகிறார்கள். திருவள்ளூர் ஒரே மாவட்டம். ஆனால் அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டி பாதையும் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜில் போய்த்தான் சேர்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பிள்ளை திருவள்ளூரில் படிக்க வேண்டுமானால் ரயிலில் சென்னையைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பஸ் மாறி மாறி வர வேண்டும். திருத்தணிப் பக்கத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பனுக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாளில் சில மணி நேரம் பெட்டியிலேயே கழிகிறது. எந்தத் தடத்தில் யார் தலைவன் என்று கல்லூரி மாணவர் குழுக்கள் மோதிக்கொள்ளும் 'ரூட்டு தல' சண்டைகள் இந்தப் பாதைகளில் நடப்பவை. 2024 அக்டோபரில் திருத்தணிப் பகுதியைச் சேர்ந்த மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரலில் தாக்கப்பட்டு இறந்தார். அந்தக் கொலைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டுப் பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்குவதோடு அரசும் கல்லூரிகளும் நிறுத்திக்கொள்கின்றன. இந்தப் பையன்களுக்குக் கல்லூரிக்குப் பக்கத்தில் எத்தனை கட்டில் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

விடுதி கொடுத்தால் மதிப்பெண் ஏறுமா என்று கேட்பார்கள். நேர்மையாகவே பதில் சொல்வோம்: எல்லோருக்கும் ஏறாது. அமெரிக்காவில் ரூத் டர்லியும் ஜெஃப்ரி வோட்கேயும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வளாகத்தில் தங்குவதால் பெரும்பாலான மாணவர்களின் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை. கறுப்பின மாணவர்கள் உள்ளிட்ட சிலருக்குத்தான் பலன் தெரிந்தது. எங்களுக்கு இதில் வியப்பு இல்லை. வீட்டில் தனி அறையும் ஏசியும் உள்ள பிள்ளைக்கு விடுதி கட்டாயம் இல்லை. ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது படிப்பையே தீர்மானிக்கும். ஆகவே யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு எங்கள் பதிலும் தெளிவு: வீட்டில் இடமே இல்லாதவருக்கு முதலில்.

இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்த கொள்கையும் அல்ல. நூறாண்டுக்கு முன், சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதியின் பெயரால் தங்க இடம் மறுக்கப்பட்டபோது, டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியைத் தொடங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அந்த இல்லத்தால் பயன்பெற்றவர். நடேசனாரும் சேர்ந்து தொடங்கிய நீதிக்கட்சியின் கதையைச் சொல்கிறவர்கள் அந்த விடுதியின் மெஸ் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றும் அறை பார்க்கப் போனால், "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று ஆரம்பிக்கிறார்கள்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். நல்ல முடிவு. அப்படியானால் பொன்னேரி அரசுக் கல்லூரியிலும் திருத்தணி அரசுக் கல்லூரியிலும் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வேண்டாமா? அரசின் நலத்துறை விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயரை வரவேற்கிறோம். ஆனால் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் உயர்த்திய பிறகும் மாதம் 1,500 ரூபாய்தான். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. ஸ்டேஷன் வாசலில் இரண்டு பரோட்டாவும் ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு மீதியை எண்ணிப் பாருங்கள்.

பணமும் நிலமும் இல்லை என்ற பதில் எங்களிடம் செல்லாது. தொழிற்சாலைக்கென்றால் இரண்டும் கிடைக்கின்றன. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் ஆலைப் பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களின் தோழிகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தொழிற்சாலை ஓட வேண்டுமானால் தொழிலாளி தூங்க வேண்டும் என்பது சிப்காட்டுக்குப் புரிந்திருக்கிறது. கல்லூரிகளுக்கும் புரிய வைப்பது எங்கள் வேலை.

நாங்கள் கேட்பவை இவை. ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைக்கு முன்பே தன்னிடம் எத்தனை மாணவர், எத்தனை படுக்கை, எத்தனை கழிப்பறை என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் ஆண் மாணவரின் வீடு கல்வி நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதை விட்டுப் பயண நேரத்தில் அளந்து, அதிக நேரம் பயணிப்பவருக்கு முன்னுரிமை தர வேண்டும். கடைசித் தேர்வு முடியும்வரை எந்த விடுதியையும் பூட்டக் கூடாது. உணவுப்படியை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். பெண்கள் விடுதியில் பாதுகாப்பு என்ற பெயரில் நூலகத்துக்கும் போகவிடாமல் மாலையிலேயே கேட்டைப் பூட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். டெல்லி மாணவிகள் 2015லேயே 'பிஞ்ரா தோட்' (கூண்டை உடை) என்று கிளம்பி இதைக் கேட்டுவிட்டார்கள். தனியார் பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014இல் வந்த சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் அருகே இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும் வாசிப்புக்கூடம் ஒன்று வேண்டும். ஃபேன், லைட், குடிநீர், ஆளுக்கொரு பிளக் பாயின்ட் போதும்.

அறை நண்பர்களான தொழிலாளர்களோடு எங்களுக்குப் பகை கிடையாது. வடமாநிலத்தவர் வந்துதான் வாடகை ஏறிவிட்டது என்று பேசுகிறவர்கள் இந்த இயக்கத்தில் சேர வேண்டாம்.

கட்சிகளிடம் நிதி வாங்க மாட்டோம். முதல் வேலையாக, ஊர் ஊராகப் போய் மாணவர்கள் தங்கும் அறைகளைக் கணக்கெடுத்து, வாடகை, ஆள் எண்ணிக்கை, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் எழுதி ஆட்சியரிடம் கொடுப்போம். கணக்கெடுக்க ஆள் வேண்டும். வாருங்கள்.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடியில் ஓர் அறை சும்மா இருந்தால் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். சாதி கேட்காதீர்கள், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்காதீர்கள், ராத்திரி லைட் எரிந்தால் சத்தம் போடாதீர்கள்.